தெற்கு எங்கே ஆரம்பிக்கிறது? தூரின் முதல் பலெர்மோ வரை

டிசம்பர் 5, தூரின்

அலுவலக வேலையாக வட இத்தாலியில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. வேலை முடிந்தது, விமானம் ஏற இன்னும் பத்து நாள் இருக்கிறது. ரயிலிலேயே தெற்குக் கோடித் தீவான சிசிலி வரை இறங்கிப் பார்த்துவிடலாம் என்று திட்டம். பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டினார். "வா, ஒரு பெட்டியைத் தூக்கணும்."

வாசலில் ஒரு அட்டைப்பெட்டி. பழுப்பு டேப்பை நீளவாக்கில் நாலு சுற்று, குறுக்கே நாலு சுற்று சுற்றியிருந்தார்கள், உள்ளே இருப்பது எழுந்து ஓடிவிடும் என்று பயந்த மாதிரி. சமையலறை மேஜையில் வைத்துக் கத்தியால் கிழித்தார். ஐந்து லிட்டர் ஆலிவ் எண்ணெய் டின். செய்தித்தாளில் சுருட்டிய ஓரிகானோ, காம்போடு. மிளகாயைக் கொட்டி அரைத்த, ரொட்டியில் தடவித் தின்கிற செக்கச்சிவந்த பன்றிக் கொத்து. அடியில் காய்ந்த அத்திப்பழம். தெற்குக் கடைசி மாகாணமான கலாப்ரியாவிலிருந்து சித்தி மகள் அனுப்பியது. இதற்கு 'பாக்கோ த ஜூ' என்று பெயர், கீழேயிருந்து வரும் பார்சல். வடக்கே படிக்கிற, வேலை பார்க்கிற தெற்கத்திப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து வருவது. இந்த அம்மாவுக்கு எழுபது வயது. ஆறு வயதில், 1961ல், தூரினுக்கு வந்தவர். பார்சல் இன்னும் நிற்கவில்லை.

அவருடைய அப்பா ஃபியட்டின் மிராஃபியோரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் தெற்கிலிருந்து இப்படி வந்தவர்கள் லட்சக்கணக்கில். 1951ல் ஏழு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த தூரின், 1961ல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிசிலியிலிருந்து வரும் ரயிலுக்கு 'சூரிய ரயில்' என்று பெயர். போர்த்தா நுவோவா ஸ்டேஷனில் அட்டை சூட்கேஸோடு இறங்கி, வீடு தேடிப் போனால் வாசல்களில் "தெற்கத்திக்காரர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்று எழுதியிருக்கும். அவர்கள் காதுபட, படாமல் சொல்லப்பட்ட சொல் 'தெர்ரோனே'. தெர்ரா என்றால் மண். மண்ணைக் கிண்டுகிறவன், நாகரிகம் தெரியாதவன் என்று நீட்டிக்கொள்ளலாம். ஒருவரை இப்படி அழைப்பது அவமதிப்புதான் என்று 2005ல் நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தெற்கத்திக்காரர்களைப் பற்றித் தூரினில் ஒரு பழங்கதை உண்டு. அவர்களுக்குக் குளியலறை கொடுத்தால் தொட்டியில் துளசி வளர்ப்பார்களாம் (சமையலில் போடும் துளசி, நம் மாடத்துத் துளசி இல்லை). இதை அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். சிரிக்கவில்லை. "குளியல் தொட்டியா? எங்களுக்குக் கக்கூஸே பால்கனிக் கடைசியில், நாலு குடும்பத்துக்கு ஒன்று. தொட்டி இருந்திருந்தால் குளித்திருப்போம்."

நான் முதல் நாள் வந்து இறங்கியபோது இவர் கேட்ட முதல் கேள்வி, இந்தியாவில் வடக்கா தெற்கா என்பது. தெற்கு, அடிக்கோடி என்றேன். "அப்படியென்றால் நீயும் தெர்ரோனே!" என்று தோளில் ஒரு அடி போட்டார். அன்றிலிருந்து காலைக் காப்பிக்குக் காசு கிடையாது. அந்தச் சொல்லை இவர் சொன்னால் சலுகை, மாடி வீட்டுக்காரர் சொன்னால் சண்டை.

அந்த மாடி வீட்டுக்காரர் பரம்பரையாக இந்தப் பியெமோந்தே மாகாணத்து மனிதர், எண்பதைத் தாண்டியவர். ஊருக்குப் போகிறேன் என்றதும் இரவு சாப்பிடக் கூப்பிட்டார். 'பாஞா கௌதா' செய்திருந்தார். நெத்திலியும் பூண்டும் எண்ணெயில் கரைய மெல்லிய தீயில் வைத்து, காய்கறியைத் தோய்த்துத் தின்பது. ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு என்பது கணக்கு. பல் இல்லை, முழுப் பூண்டு. அதைக் கிண்டிக்கொண்டே பழைய நாட்களைச் சொன்னார்: "அறுபதுகளில் இந்த மாடிப்படியில் ஏறவே முடியாது. கீழே அவர்கள் சமைக்கிற பூண்டு நாற்றம்." வீட்டுக்கார அம்மா எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி என் காலை மேஜைக்கு அடியில் மிதித்தார்.

அவரிடம் கேட்டேன், தெற்கு என்பது எங்கே ஆரம்பிக்கிறது? கரண்டியை நிறுத்தாமல் சொன்னார்: "போர்த்தா நுவோவா. கடைசிப் பிளாட்பாரம்."

இந்தக் கேள்வியை வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே போவதென்று அங்கேயே முடிவு செய்தேன். என் மேல் அடிக்கிற பூண்டு வாசனையோடு.

டிசம்பர் 6, தூரின்

இன்று பார்த்தது ஒரே ஒரு மண்டை ஓடு. நாள் முழுக்க அதுவே கூட வந்தது.

செசாரே லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் பெயரில் இங்கே ஒரு குற்ற மானிடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, அதை மண்டையிலும் முகத்திலும் படிக்கலாம் என்று 19ம் நூற்றாண்டில் உலகை நம்பவைத்தவர். அவருக்கு அந்த 'ஞானம்' பிறந்தது வில்லெல்லா என்ற கலாப்ரியா மனிதரின் மண்டை ஓட்டைப் பார்த்துத்தான். திருட்டுக்காகச் சிறைக்கு வந்து இறந்த ஏழை. பின்மண்டையின் உட்புறத்தில் சின்னக் குழி ஒன்று இருந்ததாம். மனித மண்டையில் வழக்கமாக இருக்காதது, கீழ்நிலை விலங்குகளுக்கு இருப்பது என்றார் லொம்ப்ரோசோ. ஒரு குழியிலிருந்து ஒரு கொள்கை.

அது எந்தக் காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தாலி ஒரே நாடானது 1861ல். தூரினில் இருந்த அரச குடும்பம்தான் நாட்டுக்கு ராஜா. தெற்கில் கலகம் வெடித்தது, வடக்கிலிருந்து ராணுவம் இறங்கியது, 1863ல் ராணுவ நீதிமன்றங்களுக்கு வழிவிடும் தனிச் சட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் எல்லாருக்கும் வழிப்பறிக்காரர்கள் என்று பெயர். லொம்ப்ரோசோவே 1862ல் ராணுவ மருத்துவராகக் கலாப்ரியாவில் இருந்தவர். அவர் வழியில் வந்தவர்கள் அப்புறம் தெற்கத்திக்காரர்கள் இனத்திலேயே தாழ்ந்தவர்கள் என்று எழுதினார்கள். அதில் முன்னால் நின்ற அல்ஃப்ரேதோ நிசேஃபொரோ யார் என்று பார்த்தால், சிசிலியில் பிறந்தவர்! நம்மூரிலும் இந்த மாதிரி ஆட்களைப் பார்த்திருக்கிறோம்.

வில்லெல்லாவின் சொந்த ஊர், மொத்தா சாந்தா லூச்சியா என்ற சிற்றூர், மண்டை ஓட்டைத் திருப்பிக் கொடுங்கள், அடக்கம் செய்யவேண்டும் என்று வழக்குப் போட்டது. 2012ல் கீழ் நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. மேல் முறையீட்டில் அது கவிழ்ந்தது, 2019ல் உச்ச நீதிமன்றமும் அருங்காட்சியகத்தின் பக்கமே நின்றது. ஓடு இன்னும் கண்ணாடிக்குள்தான். ஒரு விஷயம் மட்டும் நியாயமாக இருக்கிறது, லொம்ப்ரோசோவின் எலும்புக்கூடும் அதே கட்டடத்தில் நிற்கிறது, அவரே எழுதிவைத்தபடி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் அந்த அருங்காட்சியகத்துக்குப் போனதில்லை. "எதற்கு? ஸ்கூலில் டீச்சர் என் தலையில் பேன் பார்த்ததே போதும். வகுப்பில் எங்கள் தலையை மட்டும்தான் பார்ப்பார்."

டிசம்பர் 7, மொதேனா, பொலோன்யா

வடக்கு-தெற்கு என்ற இரண்டு பெட்டியோடு கிளம்பினவனுக்கு இன்று அடி விழுந்தது. இந்த இரண்டு ஊரும் வடக்கு. இடையில் நாற்பது கிலோமீட்டர். ஒரு வாளிக்காக 700 வருடமாக முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மரவாளி. கிணற்றில் இறைக்கிற சாதாரண வாளி, இரும்புப் பட்டை போட்டது. 1325ல் சப்போலீனோ என்ற இடத்தில் நடந்த போரில் மொதேனாக்காரர்கள் ஜெயித்து, பொலோன்யா கோட்டைக் கதவு வரை துரத்திப் போய், அங்கிருந்த கிணற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். போருக்கு நிஜக் காரணம் போப் கட்சியா பேரரசர் கட்சியா என்பது. காரணம் எல்லாருக்கும் மறந்துவிட்டது, வாளி மட்டும் மிச்சம். மொதேனா நகராட்சி மாளிகையில் அதை வைத்திருக்கிறார்கள். கோபுரத்தில் இருப்பது நகல். நகல் எதற்கு என்று கேட்டால், "பொலோன்யாக்காரர்கள் வந்தால் என்ன செய்வது?" என்று ஒரு காவலாளி கண்ணடித்தார்.

இப்படிச் சொந்த ஊர் மணிக்கூண்டின் நிழல் விழுகிற தூரம்தான் உலகம் என்று இருப்பதற்கு இத்தாலியனில் ஒரு சொல்லே உண்டு: கம்பனிலிஸ்மோ. கம்பனிலே என்றால் கோயில் மணிக்கூண்டு. தமிழில் மணிக்கூண்டு வெறி என்று சொல்லிப் பார்த்தேன், பரவாயில்லை.

அடுத்த சண்டை தோர்தெல்லீனி. கறி அடைத்து மோதிரம் போலச் சுருட்டிய மாவுத்துண்டு. எங்கள் ஊரில்தான் பிறந்தது என்று இரண்டு பேரும் சொல்ல, பஞ்சாயத்தாக நடுவில் இருக்கும் கஸ்தெல்ஃப்ராங்கோ என்ற ஊரைச் சொல்லிவிட்டார்கள். ஒரு விடுதிக்காரன் சாவித்துவாரம் வழியாக வீனஸ் தேவதையின் தொப்புளைப் பார்த்துவிட்டு அதே வடிவத்தில் மாவைச் சுருட்டினானாம். கதையை நம்புகிறீர்களோ இல்லையோ, ஒன்றில் மட்டும் இரண்டு ஊரும் ஒற்றுமை. அதைக் கறி ரசத்தில் போட்டுத்தான் சாப்பிடவேண்டும், கிரீம் ஊற்றினால் பாவம்.

பொலோன்யாவுக்கு மாலையில் வந்தேன். உலகமே 'ஸ்பகெத்தி பொலோனீஸ்' என்று ஒன்றைத் தின்கிறது, இந்த ஊரில் அப்படி ஒன்று கிடையாது. கறிக்குழம்புக்கு இவர்கள் போடுவது தாலியதெல்லே என்ற, முட்டை சேர்த்த மாவுப்பட்டை. வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்று 1972ல் வர்த்தக சபையில் பதிவு செய்து, அதே அளவில் தங்கத்தில் ஒரு பட்டையும் செய்து வைத்திருக்கிறார்கள். என் தட்டில் வந்ததை அளந்து பார்க்க ஆசையாக இருந்தது, அளவுகோல் இல்லை.

சாப்பாட்டில் அரசியல் எப்படி நுழைகிறது என்பதற்கும் இந்த ஊர்தான் உதாரணம். 2019ல் ஊர்க்காவல் புனிதரான பெத்ரோனியோ திருவிழாவில், வழக்கமான பன்றிக்கறி தோர்தெல்லீனியோடு கோழிக்கறி வைத்ததும் கொஞ்சம் பரிமாறலாம் என்றார்கள், பன்றி தின்னாதவர்களும் சாப்பிடட்டும் என்று. நம் வரலாற்றையே அழிக்கிறார்கள் என்று லீக் கட்சியின் மத்தேயோ சல்வீனி கொதித்தார். அந்தக் கட்சியின் பெயரில் முன்பு 'வடக்கு' என்ற சொல்லும் இருந்தது. 1996ல் அதன் தலைவர் உம்பெர்த்தோ போஸ்ஸி வெனிஸில் நின்று வடக்கைத் தனி நாடாகவே அறிவித்தார். ஒருவரும் பொருட்படுத்தவில்லை என்பது வேறு. சமீப வருடங்களில் தெற்கிலும் ஓட்டு வேண்டியிருந்ததால் 'வடக்கு' பேனரிலிருந்து இறங்கிவிட்டது. தெர்ரோனே இருந்த இடத்தில் வெளிநாட்டவர் வந்துவிட்டார்.

தெற்கு எங்கே? ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் யோசிக்கவே இல்லை. "மலையைத் தாண்டினால். ஃப்ளாரன்ஸ்." ஃப்ளாரன்ஸ்காரர்கள் காதில் விழாமல் இருக்கட்டும்.

டிசம்பர் 8

விடுமுறை. மாதா திருநாள். ரயில் எல்லாம் நிரம்பி வழிகிறது, கடைகள் பாதி சாத்தியிருக்கின்றன, வெளியே பனிமூட்டம். தெற்கத்திக்காரர்கள் வடக்கைப் பற்றிச் சொல்லும் முதல் புகார் இந்தப் பனிமூட்டம்தான். இரண்டாவது, வடக்கத்திக்காரன் மக்காச்சோளக் களி தின்பவன். 'பொலெந்தோனே', களிதின்னி. தெர்ரோனேவுக்குத் தெற்கின் பதில் அது.

அறையில் உட்கார்ந்து யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. வடக்கே 19ம் நூற்றாண்டில் ஏழை விவசாயிகள் வேறு எதுவும் கிடைக்காமல் களியை மட்டுமே தின்று, பெலாக்ரா என்ற நோயில் தோல் வெடித்துப் புத்தி பேதலித்துச் செத்திருக்கிறார்கள். வடகிழக்கில் இருக்கும் வெனெத்தோ மாகாணத்தில் அது ஊர் ஊராக இருந்தது. ஆக, மண்ணைக் கிண்டுபவன் என்று வடக்கு வைகிறது, களி தின்பவன் என்று தெற்கு வைகிறது. இரண்டும் எதிராளியின் தாத்தா பட்டினி கிடந்ததைச் சொல்லிக் காட்டுகிற வசவு. இன்று அதே களி, காளான் தூவி, நல்ல விலைக்கு, மிலான் ஹோட்டல்களில்.

டிசம்பர் 9, லிவோர்னோ

"வாசலில் பீசாக்காரன் நிற்பதைவிட வீட்டில் பிணம் கிடப்பது மேல்." இந்த ஊர் இருக்கும் தோஸ்கானா மாகாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பழமொழி. பீசாக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் அதைவிட ஜோர்: "உன் ஆசையைக் கடவுள் நிறைவேற்றட்டும்."

லிவோர்னோ துறைமுக ஊர். பீசா இருபது கிலோமீட்டரில். கோபுரம் சாய்ந்திருப்பது உலகுக்கு அதிசயம், இவர்களுக்குத் தினசரிச் சந்தோஷம். பீசாவைக் கிண்டல் செய்தே பல வருடம் ஓடிய நையாண்டிப் பத்திரிகை ஒன்று இருந்தது, வெர்னகொலியேரே. பெட்டிக்கடை வாசலில் அதன் பழைய போஸ்டரில் இருக்கும் கெட்ட வார்த்தைகளைப் படித்தே என் இத்தாலியன் இன்று வளர்ந்தது.

ஆனால் நான் வந்தது சாப்பிட. சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்கடை. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எண்ணெயும் சேர்த்து, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு இருக்கும் செம்புத் தட்டில் விரல் கனத்துக்கும் குறைவாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மேலே பொன்னிறமாக முறுகி, உள்ளே கொழகொழவென்று வருகிறது. வெட்டி, மிளகுத்தூள் தூவி, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். 'ஐந்துக்கு ஐந்து' என்று கேட்க வேண்டும். ஒரு காலத்தில் ஐந்து காசுக்கு ரொட்டி, ஐந்து காசுக்கு இது. வாயில் வைத்ததும் பஜ்ஜி மாவு அடிச்சட்டியில் தங்கி முறுகுமே, அந்த ருசி. கண்ணை மூடினால் மழைக்கால சாயங்காலம்.

இதை இங்கே தோர்த்தா என்கிறார்கள். இதே பண்டம், இதே மாவு, பீசாவில் செசீனா, ஜெனோவாவில் ஃபரினாத்தா. நான் தெரியாமல் "ஒரு செசீனா" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "அது இங்கே கிடைக்காது."

"அதோ இருக்கிறதே?"

"அது தோர்த்தா."

"இரண்டும் ஒன்றுதானே?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். இந்தப் பண்டத்துக்கே பீசாவின் தோல்விதான் பிறப்புச் சான்றிதழ் என்றார் ஒரு பெரியவர். 1284ல் எதிரே கடலில், மெலோரியாவில், ஜெனோவா கப்பல்படை பீசாவைத் தரைமட்டமாக்கியது. திரும்பும் வழியில் புயலில் கடலை மாவு மூட்டையும் எண்ணெயும் கடல்நீரில் கலந்து கூழாகிவிட, பசியில் அதை வெயிலில் காயவைத்துத் தின்று பார்த்தார்களாம், பிரமாதம். 'பீசாவின் தங்கம்' என்று கேலியாகப் பெயர் வைத்தார்களாம். கதைதான். ஆனால் ஜெயித்தது ஜெனோவா, கொண்டாடுவது லிவோர்னோ, அதுதான் எனக்குப் பிடித்தது.

என் கேள்வியை இந்தப் பெரியவரிடமும் கேட்டேன். தெற்கு பற்றி அவருக்கு அபிப்பிராயமே இல்லை. "கெட்டது எல்லாம் வடக்கேதான், தம்பி. இருபது கிலோமீட்டர்."

டிசம்பர் 11, நேப்பிள்ஸ்

நேற்று வந்து சேர்ந்ததும் தூங்கிவிட்டேன். இன்று காலை முதல் காப்பி. கப்பை வெந்நீரிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுகிறார்கள், உதடு வெந்துவிடும். கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், அதைக் காப்பிக்கு முன்னால் குடிக்கவேண்டுமாம், வாயைச் சுத்தப்படுத்த. தூரினில் மூன்று மாதம் குடித்தது என்ன என்று இப்போது சந்தேகம் வருகிறது. வீட்டுக்கார அம்மா மன்னிக்கட்டும்.

இங்கே 'ஜெனொவேசே' என்று ஒரு குழம்பு. பெயர்தான் ஜெனோவா, ஜெனோவாக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மலைபோல வெங்காயத்தை அரிந்து, மாட்டிறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவைத்து, வெங்காயம் இருந்த இடமே தெரியாமல் கரைந்துவிடுகிறது. பொலோன்யாக்காரர்கள் கறியைக் கொத்திப் போடுவார்கள். இவர்களின் 'ராகு' என்ற கறிக்குழம்பில் கறி முழுத்துண்டாக வேகும், சாறை மாவுக்கு ஊற்றிக்கொண்டு கறியைத் தனியாகத் தின்பார்கள். அடுப்பில் அது கொதிக்கக் கூடாது, 'பிப்பியாரே' செய்யவேண்டும், அதாவது 'பிப்... பிப்...' என்று எப்போதாவது ஒரு குமிழி. கொத்துக்கறியா முழுத்துண்டா என்று இரண்டு ஊர்க்காரர்களை ஒரு மேஜையில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள்.

சான் கிரெகோரியோ அர்மேனோ தெருவில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். டிசம்பரில் நடக்க முடியாது, ஊர்கிறோம். மாட்டுக்கொட்டில், இடையர், சூசையப்பர், பக்கத்திலேயே நீலச் சட்டையில் மரடோனா. குழந்தை இயேசுவைவிட மரடோனா அதிகம் என்று தோன்றியது.

ஏன் என்பது அடுத்த கதையில் இருக்கிறது. 1973ல் இந்த ஊரில் காலரா வந்தது. 1980 நவம்பர் 23ல் இர்ப்பினியா நிலநடுக்கம், மூவாயிரம் பேர் அளவில் செத்தார்கள். வடக்கத்தி மைதானங்களில் நேப்பிள்ஸின் கால்பந்து அணியான நாப்போலி ஆடப்போனால் "காலராக்காரன்களே, நிலநடுக்கக்காரன்களே" என்று கோஷம் போடுவார்கள். "வெசூவியஸே, இவர்களை நெருப்பால் கழுவு" என்று எரிமலையிடம் வேண்டுதல் வேறு. 1984 செப்டம்பரில் மரடோனா நாப்போலிக்காக லீகில் முதல் ஆட்டம் ஆடப்போனது வெரோனாவுக்கு. அங்கே தொங்கிய பேனர்: "இத்தாலிக்கு நல்வரவு." அர்ஜென்டினாக்காரருக்குச் சொன்னதல்ல, நேப்பிள்ஸ்காரர்களுக்குச் சொன்னது. பின்னொரு சமயம் இவர்கள் பதில் பேனர் கட்டினார்கள், ரோமியோ ஜூலியட் ஊர் அல்லவா, ஜூலியட்டின் ஒழுக்கம் பற்றி. அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது.

1987ல் நாப்போலி முதல்முறையாக லீக் பட்டம் வென்றது. ஊரே தெருவில். கல்லறைத் தோட்டச் சுவரில் யாரோ எழுதினார்கள்: "நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் தெரியுமா?"

1990 ஜூலை 3. உலகக்கோப்பை அரையிறுதி, இத்தாலிக்கும் அர்ஜென்டினாவுக்கும், இடம் இதே நேப்பிள்ஸ். மரடோனா விஷமமாக ஒன்றைக் கிளப்பினார்: வருடம் முழுக்க உங்களை அந்நியர்களாக நடத்துகிறவர்கள், இந்த ஒரு நாள் மட்டும் நீங்கள் இத்தாலியர்களாக இருக்கவேண்டும் என்கிறார்கள். மைதானத்தில் "மரடோனா, நேப்பிள்ஸ் உன்னை நேசிக்கிறது, ஆனால் இத்தாலி எங்கள் தாய்நாடு" என்று எழுதிக் கட்டினார்கள். பெனால்டியில் இத்தாலி தோற்றது. அன்று ரசிகர்கள் யாருக்குக் கத்தினார்கள் என்று பொம்மைக் கடைக்காரரிடம் கேட்டேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், அன்று மைதானத்தில் இருந்தாராம். வாயைத் திறந்தார், மூடினார், அப்புறம் மனைவியைப் பார்த்தார். மனைவி சொன்னார்: "இவர் அழுதார். எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை."

தெற்கு? அதற்கு மட்டும் உடனே பதில். "நாங்கள் தெற்கு இல்லை. தலைநகரம்." இத்தாலியின் முதல் ரயில் 1839ல் இங்கிருந்து போர்த்திச்சிக்கு ஓடியது, நாடு ஒன்றானபோது இத்தாலியிலேயே பெரிய ஊர் நேப்பிள்ஸ்தான் என்று விரல்விட்டு எண்ணினார். சரி, தெற்கு எங்கே? "சலேர்னோ." ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. அதைச் சொன்ன முகபாவம், தூரின் மாடி வீட்டுக்காரருடையதேதான்.

டிசம்பர் 12, ரயிலில், கொஞ்சம் கப்பலில்

பலெர்மோவுக்கு ஒன்பது மணிநேரத்துக்கு மேல். எதிர் இருக்கையில் ரெஜ்ஜோ கலாப்ரியாக்காரர் ஒருவர். என் கேள்விக்குச் சிரித்தார். "நாங்கள்தான் தெற்கு, அதில் வழக்கே இல்லை. எங்கள் சண்டை வேறு." 1970ல் மாகாணத் தலைநகர் அந்தஸ்தைக் கத்தன்சாரோ என்ற இன்னொரு கலாப்ரியா ஊருக்குக் கொடுத்ததற்காக ரெஜ்ஜோவில் ஏழு மாதம் கலவரம். தெருத்தெருவாகத் தடுப்பு, உயிர்ப்பலி, கடைசியில் ராணுவ டாங்கியே வந்தது. அவருக்கு அப்போது பத்து வயது. கத்தன்சாரோவில் பெண் எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்னாராம். எடுத்தீர்களா? "இல்லை. மொதேனாவில் எடுத்தேன்." வாளி பற்றிக் கேட்கலாம் என்று நினைப்பதற்குள் வில்லா சான் ஜொவான்னி ஸ்டேஷன் வந்து இறங்கிவிட்டார்.

அங்கே ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் ஏற்றுகிறார்கள். உள்ளே தண்டவாளம் இருக்கிறது. இரும்பு முனகுகிறது, பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி நிற்கிறது, ஜன்னலுக்கு வெளியே கப்பலின் சுவர். மேல்தளத்துக்குப் போனால் எல்லாரும் ஒரே பக்கம் ஓடுகிறார்கள், கப்பல் சிற்றுண்டிக் கடைக்கு. ஊருக்குத் திரும்பும் சிசிலிக்காரர்கள் கரை தெரிவதற்கு முன்பே சோற்று உருண்டையைக் கையில் பிடித்துவிட வேண்டும். குங்குமப்பூச் சோற்றுக்குள் கறி வைத்துப் பொரித்தது. 'அரஞ்சீனோ' என்று கேட்டு வாங்கினேன். இந்த 'ஓ' நாளைக்கு என்ன பாடுபடுத்தப் போகிறது என்று தெரியாமல்.

டிசம்பர் 13, பலெர்மோ

இன்று புனித லூசியா நாள். இந்த ஊரில் இன்றைக்கு ரொட்டி கிடையாது, பாஸ்தா கிடையாது. 1646ல் பஞ்சத்தின்போது இந்த நாளில் தானியக் கப்பல் வந்ததாம், அரைக்கக்கூடப் பொறுமையில்லாமல் அப்படியே வேகவைத்துத் தின்றார்களாம், அந்த நினைவில் மாவுப்பண்டம் தொடுவதில்லை. அதற்குப் பதில் ஊரே அந்தச் சோற்று உருண்டையைத் தின்கிறது. ஒவ்வொரு கடை வாசலிலும் வரிசை.

இங்கே அது பெண்பால், அரஞ்சீனா. உருண்டை. கத்தானியாவில் ஆண்பால், அரஞ்சீனோ. எத்னா எரிமலை மாதிரிக் கூம்பு. ஒரே தீவு. சண்டை முற்றி இத்தாலிய மொழிக்கே பெரியவர்களான ஃப்ளாரன்ஸின் க்ரூஸ்கா அகாடமி 2016ல் தலையிட்டு, இரண்டும் சரி என்று எழுதியது. இரண்டு ஊருக்கும் அது பிடிக்கவில்லை.

பல்லரோ சந்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நெத்திலிக் கருவாடு வாசனை. நிமிர்ந்தால் தமிழில் பெயர்ப்பலகை. பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஊர்க்காவல் புனிதை ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துக்களும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள் என்று படித்திருக்கிறேன். கடையிலும் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரொசாலியா, இருவருக்கும் பொதுவாக ஒரு ஊதுபத்தி.

கடைக்காரர் யாழ்ப்பாணம், முப்பது வருடமாக இங்கே. நான் வாயெல்லாம் எண்ணெயோடு, "அரஞ்சீனோ நல்லா இருக்குண்ணே" என்றேன். அவர் முகம் மாறியது.

"தம்பி, 'ஆ' எண்டு முடியுங்கோ. 'ஓ' எண்டு முடிச்சால் கத்தானியாக்காரன் எண்டு நினைப்பாங்கள்."

"நினைச்சா என்னண்ணே?"

"அவங்கட கதையை விடுங்கோ. சோத்தைக் கூம்பாச் செய்யிறவன் எல்லாம் ஒரு ஆளே?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, தராசுக்குப் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டார். மகள் மிலானில் படிக்கிறாளாம். இங்கேயே பிறந்தவள். போன வருடம் சேர்ந்த புதிதில் வகுப்பில் எழுந்து பேசியிருக்கிறாள், பின்னாலிருந்து ஒருத்தன் "தெர்ரோனா" என்று சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். "நிறத்தைப் பாத்து ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையாம். வாயைத் திறந்த உடனதான். பலெர்மோப் பேச்செல்லோ." அழுதாளா என்று கேட்டேன். "எங்க அழுதவள்? போன் எடுத்துச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. சந்தோசமோ துக்கமோ எண்டு இண்டைக்கும் தெரியேல்லை."

பேசிக்கொண்டே பெட்டியை நிரப்பினார். மிளகாய்த்தூள் இரண்டு பை, ஒடியல் மா, சிசிலி ஓரிகானோ, வெயிலில் காயவைத்த தக்காளி விழுது ஒரு புட்டி. பொரித்து ஆறவைத்து உறையவைத்த அரஞ்சீனா எட்டு, தாளில் தனித்தனியாகச் சுற்றி. டேப்பை எடுத்து நீளவாக்கில் நாலு சுற்று, குறுக்கே நாலு சுற்று.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "அண்ணே, தெற்கு எங்க ஆரம்பிக்குது?"

பல்லால் டேப்பை அறுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த நாட்டில கேக்கிறியள்?"

பெட்டியின் மூலையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.